சால்மன் இல்லை, காலா

4 ஜூலை 2006, செவ்வாய்

பால் பொங்கினால்கூட, "அடுப்பை அணைக்க வா" என்று கொல்லையிலிருந்து என்னைக் கூப்பிட்டவர், கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம் கழித்து இன்று எதற்காக மீன் சமைத்தார்? எனக்குத் தெரியவில்லை. சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். அப்போதும் தெரியவில்லை.

கல்லூரி முடிந்து சேலையூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக் கதவைத் திறந்தால் தேன் கருகிய வாசனை. எலியேசர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் நிற்கிறார். கையில் ஸ்டாப்வாட்ச். மறைமலை நகர் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தபோது வைத்திருந்தது. மார்ச்சில் விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு அதை இன்றுதான் பார்க்கிறேன்.

"உள்ள வராத. போய் உக்காரு. இருபதே நிமிஷம். ஈஸி வீக்நைட் டின்னர்."

மத்தியானம் டிவியில் பார்த்தாராம். கிராஃப் தாளில் எழுதி வைத்திருந்தார்: தேன் மூன்று ஸ்பூன், சோயா சாஸ் இரண்டு, பூண்டு நாலு பல், எலுமிச்சை அரை மூடி. மீனைத் தோல் பக்கம் கீழே வைத்து, பத்து விநாடிக்கு ஒரு தரம் சாற்றை மொண்டு மேலே ஊற்ற வேண்டும்.

"இதுக்குப் பேருதான் க்ளேஸ். கண்ணாடி மாதிரி பளபளன்னு வரணும். பாரு, வருது பாரு."

வந்தது. பளபளப்பாகத்தான் இருந்தது.

"சால்மன். குரோம்பேட்டை வரைக்கும் போய் வாங்கிட்டு வந்தேன். உனக்கு சால்மனைப் பத்தி என்ன தெரியும்? குளிர் நாட்டு மீன்."

சால்மனின் சதை ஆரஞ்சு நிறம். தட்டில் இருந்தது வெள்ளை. தோலில் அங்கங்கே செதில் சுரண்டாமல் விட்டுப்போயிருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. காலா. நம் காசிமேட்டுக் காலா. ஆங்கிலத்தில் அதற்கு இந்தியன் சால்மன் என்று ஒரு வியாபாரப் பெயர் உண்டு, அவ்வளவுதான். சால்மனுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. என் எம்.ஃபில். ஆய்வே காலா மீனின் செதில்கள்தான். ஆயிரத்து நூறு மீன்கள். மைக்ரோஸ்கோப்பில் செதிலின் வளையங்களை எண்ணி வயது கண்டுபிடித்தேன். இரண்டு வருடம். கண்ணாடி போட ஆரம்பித்ததே அப்போதுதான்.

சொல்லவில்லை. ஏன்? அவர் முகம் அப்படி இருந்தது.

நடுவில் வேகவே இல்லை. "நன்றாக இருக்கிறது" என்றேன்.

சாப்பிட்டதும் பெங்களூருக்கு மகளுக்கு ஒரு போன், குரோம்பேட்டையில் தங்கைக்கு ஒரு போன், பழைய ஆபீஸ் நண்பருக்கு ஒரு போன். மூன்றிலும் "ரொம்ப ஈஸிப்பா". அந்த நேரத்தில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று. இரண்டு துண்டு மீனுக்குப் பதினொரு பாத்திரம். பன்னிரண்டாவது என் தோசைக்கல். அதில்தான் செய்திருக்கிறார்.

5 ஜூலை, புதன்

தோசை எழும்பவில்லை. முதலாவது கிழிந்தது, இரண்டாவது கிழிந்தது, மூன்றாவதைச் சுரண்டி எடுத்தேன். தித்திப்பும் மீன் வாடையும். பதினாறு வருடம் பழக்கிய கல்.

"அதுக்கென்ன, ஒரு நான்ஸ்டிக் வாங்கிக்கலாம் விடு" என்று ரொட்டியில் ஜாம் தடவினார்.

6 ஜூலை, வியாழன்

ஓவியா போன் செய்தாள். "அப்பா ஸோ ஸ்வீட் இல்லம்மா? நீ லக்கிம்மா."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்து நான்கு வருடம். பிரசவத்துக்குப் போன மாதங்களையும் அவர் ஊரில் இல்லாத நாட்களையும் கழித்தாலும் எட்டாயிரம் இராத்திரிச் சாப்பாட்டுக்குக் குறையாது. ஒன்றுக்குக்கூட எவரும் எவருக்கும் போன் செய்ததில்லை. நான் ஸ்வீட் இல்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் எழுதுவது சின்னத்தனம்தான். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

7 ஜூலை, வெள்ளி

தூத்துக்குடியிலிருந்து இன்னும் தகவல் இல்லை. மே மாதம் நேர்முகத்தில், "ஜூலை முதல் வாரம் போன் செய்வேன், அல்லது கடிதம் வரும்" என்று ரத்தினபாய் மேடம் சொன்னார். அந்த ஆய்வு நிலையத்துக்கு அவர்தான் தலைமை. கரையோர மீன் குஞ்சுகளைப் பற்றிய கணக்கெடுப்பு, இரண்டு வருடம். கல்லூரியில் சம்பளமில்லா விடுப்பு தர ஒத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு நாற்பத்தொன்பது முடியப்போகிறது. தவளையை அறுத்துக் காட்டியே இருபது வருடம் போயிற்று. மறுபடி ஒருமுறை, எனக்காக, ஒரு மீனின் வயதைப் பார்க்க வேண்டும். வேறொன்றும் பெரிதாகக் கேட்கவில்லை.

"போன் ஏதாவது வந்ததா?" என்று அவரிடம் கேட்டேன்.

"இல்லையே" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

9 ஜூலை, ஞாயிறு

சர்ச் வாசலில் நாத்தனார் யூனிஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்க குடுத்து வெச்சவங்க. எங்க வீட்டுக்காரர் தண்ணிகூட மொண்டு குடிக்கமாட்டார். இந்த அண்ணன் பாருங்க, சால்மன் எல்லாம் பண்ணிப் போடுறார்! நீங்க தூத்துக்குடிக்குப் போகலைன்னதும் எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா?"

"யார் சொன்னது போகலைன்னு?"

"அண்ணன்தான்… இல்ல அண்ணி, நானா நெனச்சிக்கிட்டேன் போல." சட்டென்று செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

கடிதமே வரவில்லை. வராததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? யூனிஸ் எதையும் குழப்பிக்கொள்கிறவள்தான். ஆனாலும்—

10 ஜூலை, திங்கள்

கேம்ப் ரோடு முனையில் மீன் விற்கும் பச்சையம்மாவிடம் வேண்டுமென்றே கேட்டேன், சால்மன் இருக்கிறதா என்று.

"சாலமனா? எங்க தெருவுல ஒருத்தன் கீறான்க்கா, பெயின்ட் அடிக்கிறவன். அவன இன்னாத்துக்கு நீ கொழம்பு வெக்கப் போற?"

பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தவள் சிரித்ததில் கத்தியே கீழே விழுந்தது. நானும் சிரித்துவிட்டேன். ஒரு வாரத்தில் முதல் தடவை.

"உங்க சாரும் போன செவ்வாக்கெழம வந்து இதையேதான் கேட்டாரு. காலா கீது சார், காலைல வந்த மீனுன்னேன். 'காலாவெல்லாம் யாருக்கு வேணும்'னு மூஞ்சத் திருப்பிகினு பூட்டாரு. பேஜாரு புடிச்ச மனுசன்க்கா, கோச்சிக்காத."

இவளிடம் வேண்டாம் என்று சொன்ன அதே மீனை, ஐந்து கிலோமீட்டர் போய், பிளாஸ்டிக் உறையில் வேறு பெயரோடு வாங்கி வந்திருக்கிறார்.

12 ஜூலை, புதன்

கடிதம் வந்தது.

"தங்கள் கணவர் ஜூலை 4 அன்று தொலைபேசியில் தெரிவித்தபடி, நீரிழிவு நோயின் காரணமாகத் தாங்கள் இப்பணியை ஏற்க இயலாத நிலையில் இருப்பதை அறிந்து வருந்துகிறோம். பட்டியலில் அடுத்துள்ளவர் பரிசீலிக்கப்படுவார்."

ஜூலை நான்கு. இந்த நோட்டைப் புரட்டினேன். ஜூலை நான்கு, செவ்வாய். மீன்.

ஓ. அதுதானா?

மத்தியானம் போன் வந்திருக்கிறது. எடுத்திருக்கிறார். என் வாயால் நான் சொல்ல வேண்டியதை அவர் வாயால் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். எனக்கு நீரிழிவாம்! இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருதரம் சர்க்கரை கொஞ்சம் கூட இருந்தது, நடந்தேன், இறங்கிவிட்டது. சர்க்கரை நோயாளி என்று மத்தியானம் சொன்ன மனுஷன், ராத்திரி மூணு ஸ்பூன் தேனை ஊத்தி எனக்கே பரிமாறியிருக்கார். நானும் மென்னு முழுங்கிட்டு நன்றாக இருக்கிறதுன்னு சொல்லியிருக்கேன். என்னை என்னவென்று சொல்ல?

சாயங்காலம் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"கத்தாத. பக்கத்து வீட்ல கேக்கும்."

"கேக்கட்டும். யாரைக் கேட்டு?"

"உன் நல்லதுக்குத்தான். இந்த வயசுல போட்ல ஏறி கடல்ல போவியா? ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்குமா உனக்கு?"

"அதை நான் சொல்லணும்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "ஃபேக்டரியும் இல்ல. நீயும் போயிட்டா நான் இந்த வீட்ல என்ன பண்றது? சுவத்தையா பாத்துக்கிட்டு இருக்கிறது?" என்றார்.

இதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தால்? ஒருவேளை நானே யோசித்திருப்பேன். ஒருவேளை போகாமல்கூட இருந்திருப்பேன். அந்த ஒருவேளையைத்தானே எடுத்துக்கொண்டுவிட்டார்.

"அதனாலதானே அன்னிக்கு சமைச்சேன்! மனசு கேக்காமதானே போய் சால்மன் வாங்கிட்டு வந்து—"

"அது சால்மன் இல்லை."

"என்னது?"

"காலா. அன்னிக்கே தெரியும் எனக்கு."

"பாக்கெட்ல போட்டிருந்துச்சு!" அத்தனை நேரம் தாழ்ந்திருந்த குரல் இதற்கு எகிறியது. மனைவியின் வேலையைக் கெடுத்ததற்கு வராத ரோஷம் மீனுக்கு வந்தது.

அலமாரியிலிருந்து என் ஆய்வேட்டை எடுத்துவந்து மேஜையில் போட்டேன். அவர் கரண்ட் பில் வைக்கும் அதே தட்டில், அந்தப் பில்களுக்கு அடியிலேயே இத்தனை வருடமும் இருந்தது. அட்டையைப் பார்த்தார். எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தார். காலா மீனின் வயதும் வளர்ச்சியும். கீழே என் பெயர், கல்யாணத்துக்கு முந்தைய பெயர்.

"இதுவா நீ படிச்ச?" என்றார்.

இருபத்து நான்கு வருடம்!

13 ஜூலை, வியாழன்

கல்லூரிக்கு எதிரே உள்ள எஸ்.டி.டி. பூத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பேசினேன். ரத்தினபாய் மேடம் பயணத்தில், திங்கள் இரவுதான் வருவாராம். உதவியாளர் எடுத்தார். "சார் ரொம்ப வருத்தமாச் சொன்னாங்களே மேடம், உங்களுக்கு முடியலைன்னு."

"எனக்கு ஒன்றும் இல்லை. நான் வரத் தயார். நான் சொல்லாத எதையும் நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்."

"அடுத்தவங்களுக்கு லெட்டர் டைப் ஆகிட்டிருக்கு. மேடம் கையெழுத்துப் போடணும். அவங்ககிட்டச் சொல்றேன், செவ்வாக்கிழமை உங்க வீட்டு நம்பருக்கே பேசுவாங்க."

அதே பூத்திலிருந்து சம்மதக் கடிதத்தை ஃபேக்ஸும் செய்தேன். முதல் தாளில் அடித்தல் திருத்தலாகி, இரண்டாம் முறை எழுத வேண்டியதாயிற்று.

இரவு சமைக்கவில்லை. பன்னும் வாழைப்பழமும் வாங்கிவந்து தின்றேன். அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். போனார். மறுபடி வந்து நின்றார். ரொட்டி தின்றிருப்பார்.

16 ஜூலை, ஞாயிறு

சர்ச்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒரே பாட்டுப் புத்தகம், ஆளுக்கொரு ஓரம் பிடித்துக்கொண்டோம்.

17 ஜூலை, திங்கள்

நாளை செவ்வாய். எனக்குக் கடைசி வகுப்பு நாலரைக்கு முடியும். அதற்கு முன்னால் போன் வந்தால் எடுக்கப்போவது அவர்தான். விடுப்பு போட்டுவிட்டுப் போன் பக்கத்தில் உட்காரலாம். காலையிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். மாட்டேன். என் வீட்டுப் போனுக்கு நானே காவல் இருக்கும் நிலை வந்தால், அதன் பிறகு தூத்துக்குடி என்ன, எங்கே போனாலும் ஒன்றுதான்.

ஆனால் என்ன சொல்வார்? தெரியவில்லை. இருபத்து நான்கு வருடம் கூட இருந்தவர் ஒரு போனில் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

18 ஜூலை, செவ்வாய்

நடந்தது இது.

ஆறரைக்கு வந்தேன். ஸ்டாப்வாட்ச் இல்லை, கிராஃப் தாள் இல்லை. அடுப்பில் ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு. தோசைக்கல்லைத் தேய்த்து எண்ணெய் தடவி ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தார். அது சரியாக இன்னும் பத்து நாளாவது ஆகும்.

"போன் வரல" என்றார், நான் கேட்காமலே. பிறகு, "காலா வாங்கினேன். அந்தக் கேம்ப் ரோடு அம்மாகிட்ட. அவங்களே அறுத்துக் குடுத்தாங்க."

முகம் கழுவப் போனேன்.

ஏழு நாற்பதுக்கு மணி அடித்தது. நான் கூடத்துக்கு வருவதற்குள் எடுத்துவிட்டார். கை முழுக்க மஞ்சள். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"ஆமா மேடம், எலியேசர்தான்… ஆமா, நான்தான் அன்னிக்குச் சொன்னேன்." அந்தப் பக்கம் வெகுநேரம் பேசினார்கள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உடம்பா? நான் சொன்னது தப்பு மேடம். அவங்ககிட்டயே கேளுங்க."

ரிசீவரை என்னிடம் நீட்டினார். மஞ்சளும் மீனும் மணத்தது.

"கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன், உன் ஃபேக்ஸைக் கொண்டுவந்து வைக்கிறாங்க" என்றார் ரத்தினபாய் மேடம். "இப்ப நீ சொல்லு. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி வந்துடுவியா?"

"வந்துவிடுவேன் மேடம்."

பேசி முடித்துத் திரும்பினால் குழம்பு அடிப்பிடித்த வாசனை. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். கோபம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு அதிகம்" என்றேன்.

"ம்" என்றார்.