நான்கு ஆரஞ்சுப் பழங்கள் குறித்து

அனுப்புநர்
பெ. மரியசூசை,
த/பெ. பெரியநாயகம்,
மாதா கோயில் தெரு, கடத்தூர்,
தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தர்மபுரி.

பொருள்: என் மகள் தெரசாவுக்குக் காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்கை கோருவதும், என்மேல் விழுந்த லஞ்சப் பழியை நீக்கக் கோருவதும்.

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. நான் மலேயாவில், ஈப்போவில் ஒரு சீனருடைய அரிசி மண்டியில் மூட்டை தூக்கிப் பிழைத்து, 1964இல் ஊர் திரும்பியவன். அங்கே எதுவும் ஆள் பழக்கத்தில்தான் நடக்கும். எனக்கு விஷக் காய்ச்சல் கண்டபோது, முதலாளி தம் மச்சினருடைய சிநேகிதரான டாக்டரிடம் சொல்லி என்னைப் பிழைக்க வைத்தார். பிறகு சீனர்களின் வருடப் பிறப்புக்கு, ஆரஞ்சுப் பழங்களை ஜோடியாக எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போய்வரச் சொன்னார். வீட்டார் அதை வாங்கிக்கொண்டு தங்கள் பழத்தில் இரண்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

2. சென்ற ஆண்டு என் மனைவி இன்னாசியம்மாளுக்குக் காசநோய் என்றார்கள். படுக்கைக்குச் சீட்டுத் தரும் அதிகாரி மனுவை வாங்கிக்கொண்டு, என்னை உட்காரச் சொல்லி அன்பாகப் பேசினார். எந்த ஆபீசிலும் என்னை யாரும் நாற்காலியில் உட்கார வைத்ததில்லை. அந்த நன்றிக்காக நான்கு ஆரஞ்சுடன் அவர் வீட்டுக்குப் போனேன். பழத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு திரும்பி வருமென்று வாசலிலேயே நின்றேன். சீட்டுக்காக நிற்பதாக நினைத்த அவர், லஞ்சம் கொடுக்க வந்தவன் என்று தெருவறிய ஏசி அனுப்பினார். சீட்டும் தரவில்லை. அதே வாரம் கட்சிக்காரர் கடிதத்தோடு வந்த இருவருக்குப் படுக்கை கிடைத்தது. கடிதம் கொண்டுவந்தால் சிபாரிசாம், பழம் கொண்டுவந்தால் லஞ்சமாம். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

3. இன்னாசியம்மாள் தை மாதம் வீட்டிலேயே இறந்துபோனாள். அந்தப் பழத்தை எனக்குக் கொடுத்திருந்தால் நானாவது தின்றிருப்பேன் என்று கடைசி வரை என்னைக் கேலி செய்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

4. இப்போது பதினாறு வயது தெரசாவுக்கும் சளியில் ரத்தம் வருகிறது. சீட்டுக்குப் போனால், "பழம் கொண்டாந்த ஆளுதானுங்க இவரு" என்று பியூன் சிரிக்கிறார். மனுவை வாங்குவதில்லை. எனக்காகச் சொல்லக்கூடிய பெரிய மனிதர் ஈப்போவில் ஒருவர் இருந்தார். அவரும் காலமாகிவிட்டார்.

ஆகவே, நான் லஞ்சம் கொடுக்கப் போனவன் அல்ல என்று விசாரித்தறிந்து, தாய்க்குக் கிடைக்காத படுக்கை மகளுக்காவது கிடைக்க உத்தரவிடும்படி மன்றாடுகிறேன். பெரியவர்கள் முன் வெறுங்கையோடு நிற்பது அவமரியாதை என்று பழகியவன் நான். இம்முறை ஒன்றும் கொண்டுவரவில்லை. ஐயா அதை மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

இடம்: கடத்தூர்
நாள்: 12.3.1970

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) பெ. மரியசூசை