குதிகால் அழைப்பு

வனவுயிர் மறுவாழ்வுப் பயிற்சி நிலையம், வெண்சமவெளி

குடியேற்ற ஆண்டு 41, ஆவணி 3, 07:10

காற்றழுத்தம் சீர். தீவனம் போதும். காயக்கூடத்தில் உப்பாடு ஒன்று. நிர்வாகத்தின்மீது என் முறைப்பாடுகள்:

1. ஆனி 12: பயிற்சியின் நடுவில், என் ஒப்புதலின்றி, மாணவர் அனைவரையும் சுரங்கப் பிரிவுக்கு மாற்றினீர்கள்.
2. ஆனி 30: காரணம் கேட்டு எழுதினேன். பதில் இல்லை.
3. ஆடி 19: நாங்கள் குணப்படுத்தி விடுவித்த விலங்குகளின் கழுத்துப்பட்டைகள் ஒரே இடத்திலிருந்து, அசைவின்றிச் சமிக்ஞை தருகின்றன. கருவிக் கோளாறு என்றீர்கள்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: உப்பாடு இக்கோளின் சொந்த விலங்கு. ஆட்டின் உயரம், ஆறு கால்கள். கண் கிடையாது, பாதத்தால் கேட்கும். தாய் தரையை இருமுறை மெல்ல, ஒருமுறை ஓங்கித் தட்டினால் குட்டி பாலுக்கு வரும். வளர்ந்த பின்னும் வரும். ஒன்று நகர்ந்தால் மந்தையே பின்தொடரும். நம் ஊர்திகள் மோதித் தாயை இழந்த குட்டிகளைக் காப்பாற்ற, அவ்வழைப்பைக் குதிகாலால் தட்டக் கற்பித்தேன். குட்டி தேடி வரும்வரை எவருக்கும் சான்றிதழ் தந்ததில்லை.

ஆவணி 5, 16:40

என் முதல் மாணவன் செல்வின் சுரங்கப் பிரிவிலிருந்து வானொலியில் பேசினான். அப்படியே பதிகிறேன்.

"சார், அந்தப் பட்டையெல்லாம் தேடாதீங்க. பழைய குழியில கெடக்கு. சமவெளிய காலி பண்ணச் சொன்னாங்க. துப்பாக்கியே வேணாம்னு நான்தான் சொன்னேன். தட்டினேன், ரேஷன் கடை வரிசை மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு எறங்குச்சு. மேல மண்ணத் தள்ளிட்டோம்."

"குட்டிகளுமா?"

"குட்டிதான் சார் மொதல்ல வந்துச்சு. நீங்க சொல்லிக்குடுத்த தட்டாச்சே! கோவிச்சுக்காதீங்க, ரிப்போர்ட்ல உங்க பேரையும் போட்டிருக்கேன். பதினஞ்சாம் தேதி வடக்கு மந்தைக்கு வர்றோம்."

இணைப்பைத் துண்டித்தேன்.

ஆவணி 6, 09:00

எஞ்சியிருப்பது வடக்கு மந்தை மட்டுமே. ஊர்திகளை என்னால் தடுக்க இயலாது. அழைப்பு பொய் என்று விலங்குகள் அறிய வேண்டும். அஞ்சிய உப்பாடு தன் அச்சத்தைத் தரையில் தட்டி மற்றவற்றுக்குச் சொல்லும். ஆகவே ஒன்றுக்குக் கற்பித்தால் போதும். காயக்கூடத்தில் இருப்பது பவளம். குட்டியிலிருந்து நான் வளர்த்தது.

11:20

அழைத்தேன். வந்தது. அது நின்ற தரைத்தகட்டில் மின்சாரம் செலுத்தினேன்.

11:45

அழைத்தேன். வந்தது. நெற்றியை என் காலணியில் வைத்து அழுத்தியது. செலுத்தினேன்.

ஆவணி 7, 10:00

இன்னும் வருகிறது. நான் கட்டுப்போட்டு ஆற்றிய காலை இழுத்துக்கொண்டு வருகிறது.

ஆவணி 8, 10:00

பாதி தூரம். நின்றது. நடுங்கியது. பிறகு வந்தது. ஏன் வருகிறாய்.

ஆவணி 9, 10:15

வரவில்லை. சுவரோடு ஒண்டி, நான் இதுவரை கேளாத ஒரு தாளத்தில் தரையைத் தட்டியது. தேர்ச்சி. கதவைத் திறந்தேன். வடக்கே ஓடியது.

ஆவணி 14, 15:30

வடக்கு மந்தை முழுவதும் அதே தாளம். சமவெளியில் நின்று அழைத்தேன், சிதறி ஓடின. செல்வின் நாளை தட்டிப் பார்க்கட்டும். இனித் தாயற்ற குட்டியும் வராது, காயம்பட்டதும் வராது. அவை இறக்கும். அதையும் நானே கற்பித்தேன்.

நாள்தோறும் சென்று தட்டுவேன். ஏதேனும் ஒன்று வந்துவிட்டால், என் கையில் மின்கோல் இருக்கும்.

நிர்வாகத்துக்கு: என் பாடத்தை இதற்குப் பயன்படுத்த ஆணையிட்டவர் யார்? பெயருடன், கையொப்பத்துடன், எழுத்துமூலமான பதில் ஆவணி 20, 17:00 மணிக்குள் எனக்கு வந்து சேர வேண்டும். வானொலிப் பதிலை ஏற்க மாட்டேன்.

முனைவர் இ. தேவசகாயம்