விசையைத் தளர்த்தியவருக்கு

என்னங்க,

போட்டிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். குழாய் ரிப்பேர்காரர் வந்தால், ஸ்டோர் ரூம் சாவி வழக்கமான இடத்தில்தான்.

என் ஏர் பிஸ்டலின் விசையைத் தளர்த்தியது நீங்கள்தான் என்று தெரியும். இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? "விசையை அழுத்தி அழுத்தி விரல் வலி தாங்கல" என்று அக்காவிடம் போனில் புலம்பியது உங்கள் காதில் விழுந்திருக்கும். ஆனால் விசை அவ்வளவு லேசாக இருக்கக் கூடாது. போட்டியில் சுடுவதற்கு முன் எடைக்கல்லை விசையில் தொங்கவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிப் பார்ப்பார்கள். விசை நழுவாமல் தாங்க வேண்டும். காலையில் நான் எடைக்கல்லை மாட்டித் தூக்கியதுமே 'டக்'கென்று விட்டுவிட்டது. அப்படியே கொண்டுபோயிருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். பழையபடி இறுக்கிவிட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள்தான் பேச மாட்டீர்களே.

சரி, நானும் வாயைத் திறக்கவில்லைதான்.

மறந்துவிட்டேன்: உங்கள் சின்ன ஸ்க்ரூடிரைவரை என் பெட்டிக்குள்ளேயே விட்டிருந்தீர்கள். டிராயரில் இருக்கிறது.

இன்னொன்று. குண்டு போடாமல் விசையை அழுத்திப் பழகும்போது, குழலின் மேல் வைத்த நாணயம் விழுகிறதா என்று எதிரில் நின்று நீங்கள்தானே பார்ப்பீர்கள்? நம் சண்டைக்குப் பிறகு நீங்கள் நிற்கும் அந்த இடத்தில் கண்ணாடியை நிறுத்திவைத்துத்தான் பழகினேன். இன்று காலை நாணயம் ஒரு தடவைகூட விழவில்லை. "விழலடி" என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

கண்ணாடி இன்னும் ஹாலில்தான் நிற்கிறது. எடுத்து உள்ளே வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம்.