எறும்பு போலிருக்கும் சிலந்தி

செவ்வாய், இரவு

எனக்குப் புத்தி தடுமாறவில்லை. எறும்பைச் சிலந்தி என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன் என மாடி வீட்டு விமலா பேசுவது தவறு. அது சிலந்திதான்.

காலையில் எறும்பு மருந்து அடிக்க ஆள் கூட்டி வந்தாள். என் செம்பருத்தியை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். "என்ன ஆன்ட்டி, கட்டெறும்புக்கெல்லாம் போய் பாவம் பாத்துக்கிட்டு!" என்று சிரித்தாள். இலைமேல் இருந்ததைக் காட்டினேன். கறுத்த உடல், ஒடுங்கிய இடுப்பு, பார்வைக்கு எறும்பேதான். ஆனால் எட்டுக் கால்கள். முன்னங்கால் இரண்டையும் எறும்பின் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டி ஏமாற்றுகிறது. முகத்தில் இரண்டு பெரிய கண்கள். குதிக்கும் சிலந்திக் குடும்பத்தில் எறும்புச் சிலந்திகளுக்கென்றே தனிப் பேரினம் உண்டு. விமலா குனிந்துகூடப் பார்க்கவில்லை. நேராகப் பெங்களூரில் இருக்கும் என் மகளுக்குப் போன் செய்துவிட்டாள்.

மாலையில் மகள் மாலினி அழைத்தாள். எட்டுக் கால்களையும் பெரிய கண்களையும் பொறுமையாக விளக்கினேன்.

"சரிம்மா, சிலந்தியாவே இருக்கட்டும். நீ தனியா இருந்தது போதும். நீ இருக்கிற சேலையூர் வீட்டை விக்கப் போன வாரமே ஆள் பாத்துட்டேன்."

போன வாரம் இந்தச் சிலந்திப் பேச்சே எழவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். களைப்பில் போனை வைத்துவிட்டேன்.

நாளை அவளுக்குத் தபாலில் அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்: மாலினி, என்னை எங்கே கொண்டுபோய் வைப்பதாக முடிவு செய்திருக்கிறாய், ஏன்? போனில் சொல்லாதே. எழுதிப் பதில் அனுப்பு.