ஒரே மாதத்தில் பிறந்தவர்கள்

அக்டோபர் 6

கருங்கடல் ஓரத்து சோசோபோல் வந்து சேர்ந்தேன். பிளேவனிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்தே இடுப்பு கழன்றுவிட்டது. சீசன் முடிந்த ஊர். கோட்டைச் சுவரை ஒட்டிய மர வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. கடலைப் பார்க்கத்தான் மருந்துக்கடையில் லீவு போட்டேன். வந்தால் ஒரே மூடுபனி. சத்தம் மட்டும் கேட்கிறது.

நான் தங்குகிற வீட்டின் சொந்தக்காரி கலியோபி. என் வயதுதான் இருக்கும், கறுப்பு உடை. வறுத்த மீனைக் கொண்டுவந்து வைத்து, "இப்படி எலும்பும் தோலுமா இருந்தா காத்து தூக்கிட்டுப் போயிடும். சாப்பிடுங்க" என்றாள். எனக்குப் பிடித்துப் போய்விட்டது.

அக்டோபர் 7

காலையிலேயே கலியோபியின் பாவாடை ஓரம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. மழையே இல்லை.

அக்டோபர் 8

துறைமுகத்தில் படகுக்காரர் ஸ்தமாத் சொன்னார்: கலியோபியின் அக்கா தெஸ்பினா கோடையில் சிப்பி எடுக்க முங்கினாளாம், மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இருவரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள், வருடம்தான் வேறு.

அப்படிப் பிறந்த இருவரில் ஒருவர் செத்தால், இருப்பவரின் காலைப் பிணத்தின் காலோடு சங்கிலியால் பூட்டுவது நம் ஜனங்களின் வழக்கம். இன்னொருவர் பூட்டைத் திறந்து, 'இனி நான் உன் கூடப்பிறப்பு' என்று சொல்லி மீட்க வேண்டும். இல்லையென்றால் போனவர் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இங்கே பிணமே இல்லை, யாரோடு பூட்டுவது?

"நீங்க யாராவது ஏதாவது செஞ்சு மீட்கக் கூடாதா?" என்றேன்.

"நல்லா இருக்கே! கடல்ல பொழைக்கிறவன், கடல் கேக்குறதைக் குறுக்க புகுந்து தடுப்பானா? எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்கம்மா."

அக்டோபர் 9

விடிந்ததும் கலியோபியின் பின்னாலேயே போனேன். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள்! முடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினேன். குளிரில் பல் தந்தியடிக்க, "கூப்பிடுறாளே, நான் என்ன பண்ண?" என்று அழுதாள். உடல் இல்லாவிட்டால் என்ன, அக்காவின் செருப்பு இருக்கிறது, நீங்கள் பூட்டைத் திறப்பீர்களா என்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. திறக்கிறவங்க எங்க மாசத்துல பிறந்திருக்கக் கூடாது. நீங்க அக்டோபர் இல்லையே?"

நான் அக்டோபர்தான்.

"மார்ச்" என்றேன். இவளுக்கு வேறு யார் வரப்போகிறார்கள்? நான் மருந்து விற்கிறவள். இதையெல்லாம் நம்புகிறேனா என்ன?

அக்டோபர் 10

நடுப்பகலில் முடித்தோம். சங்கிலியின் ஒரு முனை கலியோபியின் கணுக்காலில். தெஸ்பினாவின் செருப்பைக் கட்டிய மறுமுனை தண்ணீரில். பூட்டைத் திறந்தேன். "இனி நான் உன் கூடப்பிறப்பு" — மூன்று தடவை சொன்னேன். பிறகு சங்கிலியைக் கடலில் விட வேண்டும். விடுவதற்குள் மறுமுனை ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. அலை என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அலையே இல்லை.

அக்டோபர் 11

கலியோபி பத்து மணி வரை தூங்கினாள். மீன் பொரித்துக்கொண்டே பாடுகிறாள். "அக்கா, உப்புப் பாரு" என்றாள் என்னிடம். ஒற்றைப் பிள்ளையாகவே வளர்ந்து ஐம்பதைத் தொட்டவளுக்கு அந்த ஒரு சொல் போதும். அசடு மாதிரி அழுதேன்.

காலையில் என் கட்டிலுக்கடியில் மணல். நான் எங்கே போனேன்?

அக்டோபர் 12

கடலிலிருந்து என் பெயரைச் சொல்லி, "நெவெனா" என்று கூப்பிடுகிறது. தெஸ்பினாவின் குரலை நான் கேட்டதே கிடையாது. அவள்தான் என்று எனக்கு எப்படித் தெரிகிறது? ஊருக்குப் போய்விடலாம் என்று பெட்டியோடு பஸ் நிலையத்துக்குக் கிளம்பினேன். பார்த்தால் படகுத்துறையில் நிற்கிறேன், பெட்டியைக் காணோம்.

கலியோபியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அடிப்பாவி! உன்னை யாருடி பொய் சொல்லச் சொன்னது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தன் தலைத்துணியை அவிழ்த்து, என் காலையும் தன் காலையும் சேர்த்து இறுக்கி முடிந்தாள். "இழுக்கட்டும். இழுத்தா ரெண்டு பேரையும் சேர்த்து இழுக்கட்டும். அவளுக்கு அவ்ளோ தெம்பு இல்ல."

அக்டோபர் 13, மதியம்

ராத்திரி முழுக்கக் கண் கொட்டாமல் காவலிருந்தவள், இப்போதுதான் அசந்தாள்.

தெஸ்பினாவுக்குத் தெம்பு இருக்கிறது. துணி விறைத்து நிற்கிறது. என் காலோடு கலியோபியின் காலும் கட்டிலைவிட்டு வாசல் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தூக்கத்திலேயே முனகுகிறாள், பாவம்.

முடிச்சு ரொம்ப இறுக்கம். பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. அவள் எழுந்துகொள்ளவில்லை. அவள் காலை எடுத்துக் கட்டிலில் வைத்துக் கம்பளியைப் போர்த்திவிட்டேன்.

என் தங்கை நன்றாகத் தூங்குகிறாள்.