உறையாத தீர்த்தம்

மார்ச் 3, திங்கள்

சிம்மக்கல் முழுக்கத் தேடினாலும் சிகரெட்டில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. அதையே உதறியவன் நான். இப்போது பேட்டரிக் குழாயில் நிக்கோடின் திரவம் ஊற்றி இழுக்கிறேன், அவ்வளவுதான். நம் நாட்டில் அதற்குத் தடை. விடுமுறையில் வந்த மாப்ள கிரிதரன் துபாயிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தான்.

"ஃப்ரீசர்ல வெச்சா வருசக்கணக்குல கெடாது மாமா. ஆனா கெட்டிச் சரக்கு. ஒரு ஸ்பூன் உள்ள போனா ஆளு காலி, பாத்துக்கங்க."

இனி சிகரெட் தொட்டால் என் முகத்திலேயே விழிக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இந்த பாட்டில்தான் என் உயிர். லேபிளைக் கிழித்துவிட்டு ஃப்ரீசருக்குள் வைத்தேன். என்னவென்று என் வீட்டுக்காரி ராதாமணி கேட்டாள்.

"காசித் தீர்த்தம். கிரிதரன் சிநேகிதன் குடுத்தனுப்பினான். யாரும் தொடக்கூடாது."

கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எட்டாவதோடு நின்றவன் மூளையா இது!

மார்ச் 9, ஞாயிறு

"ஏங்க, பக்கத்துல எல்லாம் ஐஸ் கல்லாக் கெடக்கு, இது மட்டும் உறையவே இல்லியே?"

விடுவேனா? "நடு ஆத்துல முங்கி எடுத்தது. எமனே வந்தாலும் உறையாது" என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

ஃப்ரிட்ஜுக்குப் பொட்டு வைத்துவிட்டாள். தெருவே வந்து பார்க்கிறது. கற்பூரம் காட்டியபோது நானும் கும்பிட்டேன். பக்கத்து வீட்டு முத்துப்பாண்டி மட்டும், "உங்க வாய் மாதிரியேண்ணே. எங்க வெச்சாலும் நிக்காம ஓடுது" என்றான். பொறாமை.

மார்ச் 18, செவ்வாய்

எதிர்வீட்டு ஸ்வப்னாவின் அப்பாவை, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ஸ்வப்னா வந்து நின்றாள்.

"மாமா, அப்பா வாய்ல ஊத்தக் கொஞ்சம் தீர்த்தம்…"

அமாவாசை கழித்துத்தான் திறக்க வேண்டும் என்றேன்.

"அதுவரைக்கும் அப்பா இருப்பாரா மாமா?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடிவிட்டேன்.

ராதாமணி திட்டித் தீர்த்தாள். சாகிற மனுசன் வாயில் ஊற்றாத தீர்த்தம் எதற்கு என்று கேட்கிறாள். நியாயம்தானே?

கொட்டிவிடலாமா? கொட்டினால் நாளைக்கே பெட்டிக்கடையில் நிற்பேன். தண்ணீர் மாற்றி வைக்கலாமா? உறைந்து தொலைக்குமே! சொல்லிவிடலாமா? எந்த மூஞ்சியோடு சொல்வது? கிரிதரனைக் கேட்க வேண்டும்.

மார்ச் 19, புதன்

எழுத முடியவில்லை. எழுதுகிறேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் பாட்டிலில் பாதி இல்லை. "கிண்ணத்துல ஊத்தி ஸ்வப்னாகிட்ட குடுத்துட்டேன். பாவம் எனக்கே வரட்டும்" என்றாள் ராதாமணி.

துண்டோடு ஓடினேன். கூடம் நிறைய ஆட்கள். ஒரு கையில் கிண்ணம், மறு கையில் உத்தரணிக் கரண்டி. அப்பாவின் உதட்டருகே கொண்டுபோகிறாள் ஸ்வப்னா.

"குடுக்காத! அது விஷம்!"

அவள் அழுதுகொண்டே, "இப்பவுமா மாமா?" என்றாள். முத்துப்பாண்டி என் தோளைப் பிடித்தான். "கதை விட இதாண்ணே நேரம்?"

"சத்தியமா விஷம்டா! எங்காத்தா மேல சத்தியம்டா!" என்று கத்தினேன். அந்தச் சத்தியத்தை எத்தனை பொய்க்குச் செய்திருக்கிறேன்!

பாய்ந்து தட்டிவிட்டேன். எல்லாம் என் கையிலும் மார்பிலும் கொட்டியது. சண்டாளா என்று யாரோ அடித்தார்கள். வாங்கிக்கொண்டேன். அவர் உதட்டில் படவில்லை, படவில்லை, அது போதும். சற்று நேரத்தில் வேர்த்து, தலை சுற்றி, வாசலில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். கிரிதரன் ஓடிவந்து என் மேல் குடம் குடமாக ஊற்றிக் கழுவினான். பாட்டிலில் இருந்தது என்னவென்று அவன்தான் சொன்னான். அவன் சொன்னதும் நம்பினார்கள்.

மார்ச் 20, வியாழன்

ஸ்வப்னாவின் அப்பா போய்விட்டார். வெறும் தண்ணீர்தான் ஊற்றினார்களாம். நான் எங்கள் வாசலிலேயே நின்றேன்.

மார்ச் 27, வியாழன்

பாட்டிலைக் கிரிதரன் கட்டி எடுத்துப்போய்விட்டான். சிகரெட் தொடவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் ராதாமணிக்கு விக்கல். ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன்.

"என்ன தண்ணி?"

"குழாய்த் தண்ணி."

"நீங்க மொதல்ல குடிங்க."

குடித்தேன். விக்கிக்கொண்டே என் தொண்டையைப் பார்த்திருந்தாள். நான் விழுங்கிய பிறகு செம்பை வாங்கினாள்.