பதினோரு வருடத் தண்ணீர்

நல்லம்பள்ளி,
25.1.2025

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

கோகிலவாணி எழுதிக்கொள்வது. டப்ளின் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் பாப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாப்பாவுக்கு முளைத்த இரண்டு பல்லையும் போட்டோவில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீர் பரிசோதிக்கும் ட்ரஸ்டில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு, எந்தக் குழந்தை சிரித்தாலும் கண் முதலில் பல்லுக்குத்தான் போகிறது. அரிசி மாதிரி வெள்ளையாக இருக்கிறது, திருஷ்டி சுற்றிப் போடு.

தினமும் வாட்ஸ்அப்பில் வம்பளக்கிறவள் எதற்கு இத்தனை நீள மெயில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அதைக் கடைசியில் சொல்கிறேன். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் டேட்டாபேஸ் போய்விட்டது. அழித்தது நான்.

அறுபத்து மூன்று ஊர், பதினோரு வருடம், மாதாமாதம் எடுத்த அளவு, பிள்ளைகளின் பல்லையும் காலையும் கெடுக்கிற அந்த ஃப்ளோரைடு கணக்கு எல்லாம் போய்விட்டது. பெரியண்ணன் கொட்டாய் கிராமத்துக்குக் குடிநீர்க் குழாய் வேண்டுமா வேண்டாமா என்று பிப்ரவரி 14 அன்று விசாரணை. மழை முடிந்த கையோடு அதிகாரிகள் ஒரு முறை பரிசோதித்ததில் போர்வெல் தண்ணீர் நன்றாக இருந்ததாம், அதனால் குழாய் தேவையில்லை என்கிறார்கள். மழைக்குப் பின் எந்தப் போர்தான் நன்றாக இருக்காது? கோடையில் அது எங்கே ஏறுகிறது என்று காட்ட நம் கணக்கு ஒன்றுதான் இருந்தது.

போன ஏப்ரலில் நான் அடித்த கூத்து உனக்கு மறந்திருக்காது. ஒரு கிணற்றின் அளவைத் திருத்தப் போய், எந்தக் கிணறு என்று குறிப்பிடாமலே கட்டளையை ஓட்டி, எல்லாக் கிணற்றுக்கும் எல்லா மாதத்துக்கும் 0.9 என்று விழவைத்தேன். நீதான் பத்து நிமிடத்துக்கு முந்தைய நிலைக்கு மீட்டுக் கொடுத்தாய். கிளவுடில் மீட்டால் பழைய சர்வர் அப்படியே கிடக்கும், மீட்டது புது சர்வராக வரும், அதற்கு ஒரு புதுப் பெயர் வைக்க வேண்டும். அவசரத்தில் ‘டெஸ்ட்-2’ என்று வைத்து, அப்ளிகேஷனை அதற்குத் திருப்பிவிட்டாய். பெயரை அப்புறம் மாத்திக்கலாம் புள்ள என்றாய். அடுத்த வாரம் உனக்கு விசா வந்துவிட்டது. கேக் வெட்டினோம், கட்டிப்பிடித்து அழுதோம். பெயரை யாரும் மாற்றவில்லை, எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. ஒன்பது மாதத்தில் எனக்கு அது சுத்தமாக மறந்துபோனது.

இந்த மாதம், சர்வர்களின் பழைய வெர்ஷனை மாற்றச் சொல்லி கிளவுட் கம்பெனியிடமிருந்து நோட்டீஸ் வந்தது. இருக்கிற இரண்டு சர்வரில் டெஸ்டை எதற்கு மாற்றிக்கொண்டிருப்பது, தூக்கிவிடலாம் என்று பொங்கல் கரிநாளுக்கு மறுநாள் வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை ஜாஸ்மின், அதை மட்டும் நம்பு. யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கிராஃபைப் பார்த்தேன். நான்கு நாளாக ஒரு இணைப்புகூட இல்லை, கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பொங்கலுக்கு ஆபீசைப் பூட்டும்போது அப்ளிகேஷனையும் நிறுத்திவிட்டுப் போவது நம் வழக்கம் என்பது அப்போது உறைக்கவே இல்லை. மாட்டுக்கே லீவு விடுகிறோம், இதற்கும் விடுவோம் என்று அதை ஆரம்பித்து வைத்தவளே நான்தான்.

அழிக்கும் முன் கடைசியாக ஒரு நகல் எடுக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. குப்பைக்கு எதற்கு நகல் என்று டிக்கை எடுத்தேன். தினசரி நகல்களும் போய்விடும், பரவாயில்லையா என்றது. பரவாயில்லை என்றேன். நிச்சயம்தானா, டைப் செய்து காட்டு என்றது. ஒரு எழுத்துப் பிழையில்லாமல் டைப் செய்தேன்.

திங்கட்கிழமை காலை ஏரியூர்ப் பக்கம் தண்ணீர் எடுக்கும் மாது போன் செய்து, ஏங்க்கா, ஆப்பு தொறக்கவே மாட்டேங்குதுங்க என்றான். அப்போதுகூட சிக்னல் இல்லாமல் இருக்கும் என்றுதான் சொன்னேன். பிறகு ‘மெயின்’ என்ற பெயரில் கிடந்த அந்தப் பழைய சர்வரைத் திறந்தேன். எல்லா ஊரும் 0.9. நமக்கு மிச்சம் இருப்பது அதுதான். அதன்படி பார்த்தால் நம் மாவட்டத்தில் கெட்ட தண்ணீரே கிடையாது.

அதன் தானியங்கி நகல்கள் முப்பத்தைந்து நாளுக்கு மேல் நிற்காது, உனக்கே தெரியும். அத்தனையிலும் அதே 0.9 தான். கிளவுட் கம்பெனிக்கு எழுதினேன். நீக்கியதை மீட்க வழியில்லை என்று மரியாதையாக நாலு வரி வந்தது. கையால் எழுதிய நோட்டுகளைத்தான் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, கரையான் அரிக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன்பே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன். ஆண்டறிக்கைகளில் சராசரி மட்டும் இருக்கிறது. தேதிவாரியாக இல்லாமல் விசாரணையில் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

உன் மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு பெயரை மாற்ற ஐந்து நிமிடம் ஆகுமா என்று ஆபீஸ் பாத்ரூமில் நின்று உன்னைத் திட்டினேன். அப்புறம், ஒன்பது மாதம் எனக்கும் கை இருந்ததே என்று தோன்றியது. சவுரியப்பன் சாரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. ட்ரஸ்டை ஆரம்பித்த மனுஷன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

நேற்று பெரியண்ணன் கொட்டாயிலிருந்து தீர்த்தம்மாள் அக்கா போன் செய்தது. பதினோரு வருடமாக ஒரு மாதம் தவறாமல் பாட்டிலில் பிடித்து வைத்துக் கொடுக்குமே, அதே அக்காதான். அதன் மகள் ஐஸ்வர்யாவுக்கு இப்போது முழங்கால் இரண்டும் இடித்துக்கொள்கிறது, ஸ்கூலுக்கு வண்டியில்தான் கொண்டுபோய் விடுகிறார்கள். பதினாலாந்தேதி ஊரே கெளம்பி வரோமுங்க, நம்ம கணக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல பத்தரமா இருக்குதுங்களா என்று கேட்டது. இருக்குதுங்கக்கா என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்பிய அன்று, உன் சொந்த லேப்டாப்பில் வைத்திருந்த நகலை அழிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். ஊர்ப் பிள்ளைகளின் பெயரும் வியாதியும் இருக்கிற விவரம், வெளியே போகக் கூடாது, ரூல் ரூல்தான் என்றேன். ஒண்ணு கெடக்கட்டும் புள்ள, என்னைக்காவது ஒதவும் என்றாய். நான் முறைத்தேன். நீ அழித்தாய், கையெழுத்தும் போட்டாய்.

அழித்ததைப் பார்த்தவள் நான். ஆனால் பென் டிரைவ் ஏதாவது, பழைய ஹார்டு டிஸ்க், உன் அம்மா வீட்டு அலமாரியில் விட்டுப்போன பெட்டி, எங்கேயாவது ஒன்று. ஆறு வருடம் நான் சொன்னதை நீ ஒரு நாளும் தட்டியதில்லை. அதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரே ஒரு முறை என் முகத்துக்கு நேரே சரி என்று சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் என்னை ஏமாற்றியிருக்கிறாயா ஜாஸ்மின்? அப்படி இருந்தால் உன் காலில் விழுகிறேன்.

போனில் கேட்டால் யோசிக்காமல் இல்லை என்று சொல்லிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகத் தேடு. கிடைத்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு. கிடைக்காவிட்டால் தயவு செய்து பதில் போடாதே. பதினான்காம் தேதி கழித்துச் சொல். அதுவரை நீ தேடிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பாப்பாவுக்கு மீதிப் பல்லும் இதே வெள்ளையில் முளைக்கட்டும்.

உன்
கோகிலவாணி